எழுபத்தெட்டும் இருபத்தேழும்

கனடாவில் வாழும் எமது மாமா சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் தொலைபேசியில் ஒரு கட்டளை பிறப்பித்தார். "எங்கட பிள்ளையளுக்குத் தங்கட வேர் தெரியாது. நீ தமிழ் படிச்சனி, ஊரிலை இருக்கிறாய். எல்லாற்றை பேரையும் பிறந்த செத்த திகதியையும் சேர்த்துத் தா" என்பதே அக்கட்டளை. வமிசாவளி வரைவதற்கென்றே ஆக்கப்பட்ட மென்பொருள் ஒன்றும் அதனுடன் வந்து சேர்ந்தது.

நாம் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிலே உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிப்பவர். நாள்தோறும் யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்திற் சென்று திரும்புகின்றோம். மாலையில் விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபின் எஞ்சும் ஒருமணி நேரத்தை எட்டு மாதங்கள் இவ்வேலைக்குக் கொடுத்தோம். குலப்பெருமையில் எமக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் பழைய தலைமுறையில் எஞ்சியிருப்பவர் எமது அம்மம்மா ஒருவரே. அவருக்கு வயது 88. அவர் இருக்கும்போதே கேட்டு வைக்கவேண்டியவற்றைக் கேட்டு வைப்போம் என்ற எண்ணமே எம்மை இதில் இறக்கியது.

பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி, பெற்றோர், வாழ்க்கைத்துணை ஆகிய விபரங்களைக் கொடுத்துவிட்டால் மென்பொருள் கிளை கிளையாக மரத்தை வரைந்து தருகின்றது. அத்துடன் நில்லாது, 'புள்ளிவிபரம்' என்றொரு பக்கத்தையும் தானாகவே ஆக்கித் தருகின்றது. எத்தனை ஆண், எத்தனை பெண், ஒரு தாய்க்குச் சராசரி எத்தனை பிள்ளை, தலைமுறை ஒவ்வொன்றின் சராசரி ஆயுள் எத்தனை ஆண்டு என்பன அங்கே அட்டவணையாக நிற்கும். எமது குடும்பத்துக்கு அது அளித்த விடை வருமாறு: அம்மம்மாவின் தலைமுறைக்குச் சராசரி ஆயுள் 78, அம்மாவின் தலைமுறைக்கு 35, எமது தலைமுறைக்கு 20.

மாமா இவ்வட்டவணையைக் கண்டவுடன் மீண்டும் அழைத்தார். "பார்த்தியே? அந்தக் காலத்துச் சனம் குரக்கனும் ஒடியற் கூழும் குடிச்சு எண்பது வயசு மட்டும் திடமாய் இருந்துதுகள். இப்ப சாப்பாடும் நஞ்சு, காத்தும் நஞ்சு. கணினியே சொல்லுது." இவ்வாறு கூறியவர் தாம் 63 வயதினர், ஆறு ஆண்டுகளுக்கு முன் இருதய சத்திரசிகிச்சையால் உயிர் தப்பியவர் என்பதை வாசகர் மனங்கொள்வாராக.

மாமாவை நாம் குறைகூறவில்லை. முன்னோர் நூறாண்டு வாழ்ந்தனர், நாமோ பாதியில் மடிகின்றோம் என்ற பேச்சு எமது சமுதாயத்தில் எங்கும் உலவுகின்றது. கோயில் மண்டபத்திலும் கேட்கின்றோம். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்கின்றோம். பொற்காலம் பின்னால் இருந்தது என்று நம்புகின்றவனுக்கு முன்னால் எதையும் ஆக்கவேண்டிய கடமை இல்லை. ஆகவே அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பது வீண்வேலையன்று. கணினி பொய் சொல்லாது என்பர். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி எது, கேட்கப்பட்டவர் யாவர் என்பவற்றை அறியாமல் விடையை மட்டும் ஏற்பது அறிவுடைமையாகாது.

எனவே அட்டவணையின் அடியிற் சிறிய எழுத்தில் இருந்த குறிப்பை வாசித்தோம். பிறந்த திகதி, இறந்த திகதி ஆகிய இரண்டும் பதியப்பட்டவர்களை மட்டுமே அது கணக்கில் எடுத்துள்ளது. இந்த ஒரு வசனத்தில் முழு மர்மமும் அடங்கியிருந்தது.

எமது தலைமுறையில் அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள் 24 பேர். அவர்களில் இரு திகதிகளும் உடையோர் நால்வர். ஒரு குழந்தை முதலாவது வயதிற் காய்ச்சலால் இறந்தது. இருவர் போர்க்காலத்தில் 17 வயதிலும் 22 வயதிலும் மாண்டனர். ஒருவர் 40 வயதில் நோயாற் காலமானார். இவ்வயதுகளின் கூட்டுத்தொகை 80. நான்கால் வகுத்தால் 20. மற்றை இருபதின்மரையும் மென்பொருள் தொடவேயில்லை. அவர்களுள் மூத்தவருக்கு 48 வயது. பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு நலமாக இருக்கின்றார். அவர் உயிரோடிருப்பதே அவர் கணக்கிற் சேராமைக்குக் காரணம்!

இதனை மாணவருக்கு விளக்க எமக்கு ஒரு மாமரம் உதவியது. சித்திரை மாதத்தில் மரத்தடியிற் கிடக்கும் காய்களை மட்டும் பொறுக்கி அளந்து, "இம்மரத்துக் காய் கோலிக்குண்டு அளவுக்கு மேலே வளராது" என்று ஒருவன் முடிவு கட்டினால் அவனை என்னென்போம்? இதுவரை விழுந்தவை பிஞ்சுகளே. பழுக்கவேண்டியவை இன்னும் கொம்பிலே உள்ளன. இளந் தலைமுறையொன்றில் இதுவரை இறந்தவர் யாவரும் இளமையில் இறந்தவராகத்தான் இருக்கமுடியும். முதுமையில் இறப்பதற்கு அத்தலைமுறைக்கு இன்னும் காலம் வரவில்லை. அம்மாவின் தலைமுறைக்கு வந்த 35 என்ற எண்ணும் இவ்வகையினதே. அம்மம்மா பெற்ற எழுவரில் இறந்தவர் மூவர். அவர்களின் வயது 1, 44, 60. கூட்டுத்தொகை 105. உயிரோடிருக்கும் நால்வர், தொலைபேசியில் எம்மோடு வாதிட்ட மாமா உட்பட, கணக்குக்குப் புறம்பானவர்.

ஆகவே 20, 35 என்னும் இரண்டும் பொய்யான வீழ்ச்சி என்பது வெளிப்படை. அப்படியாயின் 78 என்ற எண்ணாவது மெய்யானதா? அதனையும் சோதிக்கும் நோக்கத்தோடு ஒரு சனிக்கிழமை மாலை அம்மம்மாவின் சாய்மனைக் கதிரைக்கு அருகில் அமர்ந்தோம்.

அம்மம்மாவோடு உடன்பிறந்தவர் மூவர் என்றே அதுவரை நாம் அறிந்திருந்தோம். அவர்கள் 71, 79, 84 ஆகிய வயதுகளிற் காலமாகினர். மூவரது சராசரி 78. "வேறொருவரும் இல்லையோ அம்மம்மா?" என்று, படிவத்தை நிரப்பும் உத்தியோகத்தர்போற் கேட்டோம்.

அவர் சிறிதுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அம்மா பத்துப் பெத்தவ, மோனை. நாங்கள் நாலுபேர்தான் நிண்டனாங்கள்" என்றார்.

மற்ற ஆறுபேரின் கதையும் அன்று மாலையே வெளிவந்தது. இரண்டு குழந்தைகள் முப்பத்தொராம் நாட் துடக்குக் கழியுமுன் இறந்தன. ஆகவே அவற்றுக்குப் பெயரில்லை. இரண்டு ஒரு வயதளவிற் போயின. ஒன்று மாந்தத்தால், மற்றது காய்ச்சலால். ஓர் ஆண்பிள்ளை மூன்று வயதில் வயிற்றோட்டத்தால் இறந்தான். இறுதியாக ஒரு பெண்பிள்ளை, ஆறு வயதினள், 1945ஆம் ஆண்டில் நெருப்புக்காய்ச்சலால் மாண்டாள். "எனக்கு இளையவ. ரெண்டுபேரும் ஒரு பாயிலைதான் படுக்கிறனாங்கள். பிறகு கனநாள் எனக்குப் பாய் பெரிசாய்க் கிடந்தது" என்றார் அம்மம்மா. அச்சிறுமியின் பெயரைக் கேட்டோம். எண்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த அப்பிள்ளையின் பெயரை அவர் உடனே கூறினார். அது எமது அம்மாவின் பெயர். குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவே தமக்கு அப்பெயர் வந்த காரணத்தை அன்றுதான் அறிந்தார்.

அன்றிரவு அறுவரையும் மென்பொருளிற் சேர்த்தோம். பெயரற்ற இருவரையும் 'பெயரிடப்படாதவர்' எனப் பதிந்தோம். 0, 0, 1, 1, 3, 6 என்ற ஆறு வயதுகள் புதிதாக வந்து நின்றன. கூட்டுத்தொகை முன்பு 234, இப்பொழுது 245. ஆனால் வகுக்கும் எண் மூன்றிலிருந்து ஒன்பதாகிவிட்டது. 78 ஆக இருந்த சராசரி 27க்கு இறங்கியது. குரக்கனும் ஒடியற் கூழும் தந்ததாகச் சொல்லப்பட்ட எண்பது ஆண்டு ஒரே மாலையில் மறைந்தொழிந்தது.

இங்கே மற்றோர் உண்மையையும் நோக்குதல் வேண்டும். 27 என்பது சராசரி; ஆயினும் அந்த வீட்டில் இருபத்தேழு வயதில் ஒருவரேனும் இறக்கவில்லை. ஆறு வயதுக்கும் எழுபத்தொரு வயதுக்கும் இடையில் ஒரு மரணமுமில்லை. ஆறு வயதைக் கடந்த நால்வரும் முதுமை கண்டனர். கடவாத அறுவரும் பிள்ளைப் பருவத்திலேயே மாண்டனர். அவ்விரு கூட்டத்தையும் ஒரே பானையிலிட்டுக் கலக்கியபோது எவருக்கும் உரியதல்லாத ஓர் எண் மேலே மிதந்தது. ஒன்பது வயதுகளையும் வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால், அது 3! சராசரி 27, நடுவெண் 3: இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே அந்த வீட்டின் துயரத்தின் அளவு.

1946ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்த ஆண் குழந்தையின் எதிர்பார்க்கும் ஆயுட்காலம் 43.9 ஆண்டு, பெண் குழந்தையினது 41.6 ஆண்டு என்று நூல்களில் வாசிக்கின்றோம். அதனைக் கண்ட மாணவர் பலர், அக்காலத்தில் நாற்பது வயதிலேயே மக்கள் கிழப்பருவமெய்தி மாண்டனர் என்று கருதுகின்றனர். அது தவறு. நரைத்த தலைகள் அன்றும் ஊரில் இருந்தன. அந்த எண்ணைக் கீழே இழுத்தவை தொட்டில்களே. 1935ஆம் ஆண்டில், மலேரியா நாட்டைச் சூறையாடியபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 ஒரு வயதை அடையவில்லை. 1946இலும் அத்தொகை 141 ஆக இருந்தது.

இவ்வுண்மை புதிதன்று. 1662ஆம் ஆண்டிலேயே ஜோன் கிரோன்ற் என்னும் இலண்டன் துணி வியாபாரி, அந்நகரத்தின் மரணப் பட்டியல்களை ஆராய்ந்து, நூறு பேரில் முப்பத்தாறுபேர் ஆறு வயதுக்குள் இறக்கின்றனர் என மதிப்பிட்டார். அப்பட்டியல்களில் இறந்தவரின் வயது இருக்கவில்லை. நோயின் பெயர் மாத்திரமே இருந்தது. எந்நோய் எப்பருவத்தினரைக் கொல்லும் என்று சிந்தித்தே அவர் அம்முடிவுக்கு வந்தார். எமது அம்மம்மாவும் நோயின் பெயராலேதான் தம் உடன்பிறந்தாரை நினைவில் வைத்திருந்தார்.

அப்படியாயின் அவ்வறுவரும் ஏன் வமிசாவளியில் இடம்பெறவில்லை? எவரும் அவர்களை வேண்டுமென்று மறைக்கவில்லை. நினைவு தங்குவதற்கும் ஒரு நிறுவனம் தேவை. எம்மவரிடையே பிறப்பை நினைவில் வைப்பது சாதக ஓலை. இறப்பை நினைவில் வைப்பது திவசம். இருப்பை நினைவில் வைப்பது காணி உறுதி. முப்பத்தொரு நாள் வாழாத குழந்தைக்கு இம்மூன்றும் இல்லை. மேலும், ஒருவனுக்குப் பாட்டனாராக வாய்த்தவர் பிள்ளை பெறும் வயதுவரை உயிரோடிருந்தவராதல் வேண்டும். பிள்ளைப் பருவத்தில் மாண்டவன் எவருக்கும் பாட்டனாவதில்லை. ஆகவே நேர்முன்னோரின் வரிசையை மட்டும் பார்ப்பவனுக்கு முன்னோர் யாவரும் நீண்ட ஆயுளுடையவராகத் தோற்றுவது இயல்பே. வென்றவர்களை மட்டும் நிறுத்திவைத்துப் போர் எளிது என்பதை ஒக்கும் அது.

உள்ள சான்றுகளும் கணினியின் சட்டத்துக்கு எளிதில் அடங்குவனவல்ல. அம்மம்மாவின் தாயார் ஆடி மாதத்து அபரபக்கத் துவிதியையிற் காலமானார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஆண்டு என்பது எவருக்கும் தெரியாது. உறவினர் ஒருவரின் சாதகத்தில் 'பார்த்திப வருடம்' என்றிருந்தது. அறுபதாண்டுச் சக்கரத்தில் அது 1885ஆம் ஆண்டாகவும் இருக்கலாம். 1945ஆம் ஆண்டாகவும் இருக்கலாம். கைத்தவறாக 1945 எனப் பதிந்தோம். அவருடைய மகன் 1930இற் பிறந்தவர். தந்தை மகனுக்குப் பதினைந்து ஆண்டு இளையவர் என்று மென்பொருள் சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. அந்த ஓர் இடத்தில் அது எமக்கு நல்லாசானாயிற்று. குடும்பப் பெயர் என்னவென்றும் அது விடாது கேட்டது. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் எமது வீட்டிலோ ஒவ்வொரு தலைமுறையும் வேறுவேறு குடும்பமாகவே அதற்குத் தோன்றியது.

இத்தனை குறைபாடு இருப்பினும் எமது வீட்டில் ஓலையும் உறுதியும் இருந்தன. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிலிருந்து இன்றுவரை, காணியுள்ளவனின் பெயரே முதலில் ஏட்டில் ஏறியது. தேசவழமையின்படி பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதப்பட்டமையால் எமது பாட்டிமார் சிலரின் பெயர்களும் உறுதிகளில் எஞ்சியுள்ளன. ஆனால் அக்காணிகளில் உழுதவரும் இறைத்தவரும் எவ்வேட்டிலும் இல்லை. அவர்களின் ஆயுளை எந்த மென்பொருள் கணக்கிடும்?

இக்கேள்வி வகுப்பறையில் எம்மை நேரே வந்து தாக்கியது. மாணவரிடம் அவரவர் குடும்பத்தின் மூன்று தலைமுறையை எழுதி வருமாறு பணித்திருந்தோம். ஒரு மாணவியின் தாள் பாட்டனாரோடு நின்றுவிட்டது. அவர் 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்தைவிட்டு வன்னிக்கு வந்தவர். "அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் அப்பிள்ளை, தன் குற்றம்போல. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவளுடைய முன்னோரிடம் கேட்டதும் ஒரு வமிசாவளியையே. தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ நிறுவுக என்றது அச்சட்டம். இந்நாட்டிற் பிறப்பு இறப்புப் பதிவு 1867இற் தொடங்கி 1897இலேதான் கட்டாயமாயிற்று. தோட்டத்து லயத்திற் பிறந்த பூட்டனின் பிறப்புக்கு அவர்கள் எங்கே போய்ச் சான்று தேடுவர்? ஏறத்தாழ 7 இலட்சம் உழைப்பாளர் நாடற்றவராயினர். அக்கறை விடிவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. வெற்றுக் கட்டம் ஒன்று மனிதனை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதை அம்மாணவியின் தாளிற் கண்டோம். அன்றிலிருந்து, எழுத இயலாத கட்டங்களில் "ஏன் தெரியவில்லை" என்பதை எழுதுமாறு வகுப்புக்குக் கூறினோம். அவள் இரண்டு பக்கம் எழுதிவந்தாள். வகுப்பிற் சிறந்த கட்டுரை அதுவே.

இனி, மாமாவின் கேள்விக்கு வருவோம். அம்மம்மாவின் தாயார் பத்துப் பெற்று ஆறை இழந்தார். அம்மம்மா ஏழு பெற்று ஒன்றை இழந்தார். எமது அம்மா மூவரைப் பெற்றார், மூவரும் இருக்கின்றோம். மூவரும் ஒரே இரத்தம்; ஒரே கிணற்று நீர்; ஏறத்தாழ ஒரே உணவு. இடையில் மாறியது எது?

1931ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்கள் ஆண் பெண் வேறுபாடின்றி வாக்குரிமை பெற்றனர். வாக்குக் கேட்டு வருபவன் வைத்தியசாலை தருவதாகச் சொல்லவேண்டிய நிலை உண்டாயிற்று. 1926இற் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை பின்னர் நாடெங்கும் பரவியது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சி ஒழுங்கைகளுக்கும் வந்தாள். 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் தென்மேற்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றனர். பட்டினியுடலே நோய்க்கு முதல் இரை என்பதை நாட்டுக்கு எடுத்துக்காட்டினர். 1945இல் இலவசக் கல்வி வந்தது. எழுத்தறிந்த தாய் பிள்ளையின் காய்ச்சலைத் தெய்வக் குற்றமென்று விட்டுவிடவில்லை. 1946இல் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவைத் துரத்தத் தொடங்கியது; அவ்வாண்டில் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. பங்கீட்டு அரிசி ஏழையின் பானையைக் காத்தது. 1953இல் அதன் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, உழைக்கும் மக்கள் ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலில் இறங்கியதும் உயிர்வாழும் உரிமைக்கான போராட்டமே. அதே 1953இற் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 71 ஆகக் குறைந்திருந்தது. இன்று அது பத்துக்கும் குறைவு.

ஆண்களைவிடப் பெண்கள் குறைந்த ஆயுளுடையோராய் இருந்த நிலையும் மாறியது. 1946இல் இரண்டு ஆண்டுக்கு மேற் பின்தங்கியிருந்த பெண்ணின் ஆயுள் 1971ஆம் ஆண்டளவில் ஆணின் ஆயுளைக் கடந்துவிட்டது. பிரசவ அறை மரண அறையாக இருப்பது ஒழிந்தமை இதற்கு முக்கிய காரணம். எனினும் இவ்வெண்கள் முழுநாட்டுக்கும் உரிய சராசரிகள். தோட்டப்புறங்களிற் குழந்தை இறப்பு நெடுங்காலம் இச்சராசரிக்கு மேலேயே நின்றது. நாட்டின் எண்ணுக்குள்ளும் வர்க்கத்தின் எண் ஒளிந்திருக்கின்றது என்பதை மறத்தலாகாது. ஆயுள் தலையில் எழுதப்படுவதன்று. அது வாக்குச் சீட்டிலும், வைத்தியசாலையிலும், பள்ளிக்கூடத்திலும், அரிசிக் கொத்திலும் எழுதப்படுவது.

இவ்வளவும் தெளிந்தபின்னும் மரத்தில் ஒரு கட்டம் எஞ்சியிருந்தது. பெரியம்மாவின் மகன், எமக்கு அண்ணன் முறையானவர், 1985இற் பிறந்தவர். 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையிலே தாயின் கண்ணெதிரே சனக்கூட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டார். அன்று முதல் அவரைப்பற்றி ஒரு செய்தியுமில்லை.

மென்பொருள் அவரை 'வாழ்பவர்' என்று காட்டியது. இறந்த திகதி பதியப்படாத ஒருவர் 110 ஆண்டு கடந்தபின்னரே இறந்தவராகக் கருதப்படுவார் என்பது அதன் விதி. அதன்படி அவர் 2095ஆம் ஆண்டுவரை வாழ்வார். மாமா வேறுவிதமாகச் சிந்தித்தார். "பதினாறு வருசமாச்சு. 2009 எண்டு போட்டுவிடு, படமும் ஒழுங்காய் இருக்கும்" என்றார். அவர் கல்நெஞ்சரல்லர்; இழுபட்டு நிற்கும் துயரத்துக்கு ஒரு முடிவு தேடினார். நாம் கணக்குப் பார்த்தோம். 24 வயதையும் சேர்த்தால் கூட்டுத்தொகை 104. ஐந்தால் வகுத்தால் 20.8. அவரை இறந்தவராக்கினால் எமது தலைமுறையின் சராசரி ஆயுள் கூடுகின்றது! எண்ணுக்கு இது இலாபம். பெரியம்மாவுக்கு?

பெரியம்மா ஆண்டுதோறும் புகைப்படத்தோடு வீதியோரத்தில் அமரும் தாய்மாருள் ஒருவர். இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, 'காணக்கிடைக்கவில்லை' எனக் கூறும் சான்றிதழ் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டிற் சட்டம் இடமளித்தது. அவர் இரண்டையும் வாங்கவில்லை.

ஆச்சரியம் யாதெனில், இவ்விடத்தில் எமக்கு வழிகாட்டியது புள்ளிவிபரவியலே. எட்வேட் கப்லன், போல் மையர் என்னும் இரு அறிஞர் 1958இல் வெளியிட்ட ஒரு முறை உண்டு. மருத்துவ ஆய்விற் சிலர் ஆய்வு முடியுமுன் தொடர்பறுந்து போவர். அவர்களை இறந்தவராகக் கொண்டாலும் பிழை. அடியோடு நீக்கினாலும் பிழை. இருவரும் கூறிய வழி இதுவே: கடைசியாக உயிரோடு காணப்பட்ட நாள்வரை அவர்களை வாழ்ந்தவராக முழுமையாகக் கணக்கில் எடு, அதன்பின் அவர்களைப்பற்றி எதுவும் கூறாதே. உயிரோடிருக்கும் பேரப்பிள்ளைகளும், 88 வயது அம்மம்மாவும் இம்முறையால் இன்றுவரை வாழ்ந்த ஆண்டுகளோடு கணக்கிற் சேர்கின்றனர். எவரது ஆண்டும் வீணாவதில்லை. எவரது மரணமும் கற்பிக்கப்படுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிடம் சென்று இதனை விளக்கினோம். கணிதத்தைச் சுருக்கி, "செத்தவர் எண்டும் போடேல்லை, இருக்கிறார் எண்டும் போடேல்லை, பெரியம்மா. நீங்கள் கடைசியாய்க் கண்ட நாளைப் போடலாம்" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பிடியே போடு. ஆனால் யார் கண்டது எண்டும் போடு. தாய் கண்டது எண்டு போடு" என்றார்.

அவ்வாறே பதிந்தோம். திகதியோடு 'தாயார் கண்டது' என்ற குறிப்பும் அக்கட்டத்தில் உள்ளது.

நண்பர்களே, இன்று செய்தித்தாளைத் திறந்தால் சராசரி, பரீட்சை முடிவிற் சராசரி, வருமானத்திற் சராசரி. இவற்றை மாணவருக்குக் கூட்டி வகுக்கக் கற்பிக்கின்றோம். அத்துடன், இக்கணக்கில் வராமற் போனவர் யாவர், ஏன் வரவில்லை என்று கேட்கவும் கற்பிப்போமாக. அது கணித ஆசிரியருக்கு மட்டும் உரிய கடமையன்று. தமிழாசிரியருக்கும் வரலாற்றாசிரியருக்கும் உரியது.

திருத்திய கோப்பை மாமாவுக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அழைத்தார். குரக்கனைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. தம் தாயோடு பிறந்த ஆறுபேரைப்பற்றித் தாமும் அறிந்திருக்கவில்லை என்றார். "அந்தப் பேரில்லாத ரெண்டும் எந்தப் பக்கத்திலை நிக்குதுகள்?" என்று கேட்டார். "மூத்தது முதலாவதாய், மற்றது நாலாவதாய், பிறந்த ஒழுங்கிலை நிக்குதுகள்" என்றோம்.

யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அச்சகத்திற் பெரிய தாளில் மரத்தை அச்சிட்டு அம்மம்மாவின் முன்னால் விரித்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். தம் பெயரைத் தேடவில்லை. தம் பெயருக்கு வலப்புறத்தில் விரலை வைத்து, தங்கையின் பெயரை எழுத்துக் கூட்டி ஒருமுறை வாசித்தார். பின்னர் அந்தத் தாளைச் சுருட்டித் தமது பாயின் தலைமாட்டில் வைக்கச் சொன்னார்.